வகுப்பறையில் வெட்டிய வாய்க்கால்

என் மகளுக்கு,

நீ பையைத் தூக்கிக்கொண்டு முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறிய அன்று நான் வயலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, சந்தியில் பூவரச மரத்தடியில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன். நீ பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. சொல்லக்கூடியதையெல்லாம் முதல் நாள் மத்தியானச் சாப்பாட்டின்போதே தேவைக்கு அதிகமாகச் சொல்லி முடித்திருந்தேன். உன்மீது கல்விப் பணிமனையில் விசாரணை வரப்போகிறது, அங்கே போய் அந்தப் பாடம் பிழை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே இருந்து படிப்பிக்கலாம், இல்லாவிட்டால் எங்கேயாவது தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்றேன். சொன்னேன் என்பதுகூடச் சரியில்லை. கதிரையை உதைத்துத் தள்ளிவிட்டு அதட்டினேன். உனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்பது யாரிடமிருந்து வந்தது என்று அம்மா அடிக்கடி கேட்பாள். பதில் தெரிந்துதான் கேட்கிறாள்.

இப்போது விசாரணைக்கு வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்துவிட்டார்கள். நீ கைபேசியை எடுக்கிறாய் இல்லை. நீ போய்த் தங்கியிருக்கிற வீட்டில், உன் சிநேகிதியின் தகப்பனாரிடம் பேசினேன். கடலுக்குப் போய்வந்த களைப்பிலும் பொறுமையாகக் கதைத்தார். நீ சாப்பிடுகிறாய், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாய், வீட்டைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை என்றார். அதனால் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை ஒட்டாமல்தான் பஸ் நடத்துநரிடம் கொடுத்துவிடப் போகிறேன். வழியில் யார் படித்தாலும் படிக்கட்டும். உன் மாமாவுக்கும் ஒரு பிரதி கொடுக்க யோசித்திருக்கிறேன். உனக்கு மட்டும் தெரிந்தால் போதாத ஒரு விஷயம் இதில் இருக்கிறது, அதை எழுதத்தான் மூன்று நாளாக இந்த மேசைக்கு வந்து வந்து எழும்பிப் போகிறேன்.

முதலில் அந்தப் பாடம். நீ வாரக்கணக்காக யோகட் கோப்பைகளைக் கழுவி அடுக்கியபோது, இதற்குத்தானா பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தாய் என்று நக்கலடித்தேன். பத்தாம் ஆண்டுக்குக் குடியுரிமைக் கல்வி எடுக்கிற ஒருத்திக்குப் புத்தகத்தை வாசித்துவிட்டு வருவதில் என்ன குறை என்று நினைத்தேன். நீ வகுப்பறை நிலத்தில் வெண்கட்டியால் ஒரு வாய்க்காலைக் கீறி, அதன் ஓரமாகப் பிள்ளைகளை வரிசையாக இருத்தி, முன்னுக்கு ஒரு வாளி தண்ணீர் வைத்தாயாம். ஆளுக்கொரு கோப்பை. முன்னால் இருப்பவர் எடுத்துவிட்டு வாளியைப் பின்னுக்கு அனுப்பவேண்டும். எவ்வளவு எடுக்கலாம் என்று நீ சொல்லவில்லை. முன்வரிசை கோப்பையை நிரப்பியது, குடித்தது, மறுபடி நிரப்பியது, தண்ணீர்ப் போத்தலிலும் ஊற்றிக்கொண்டது. கடைசி வரிசைக்கு வாளி வந்தபோது அடியில் ஈரம் மட்டும் இருந்தது. சில பேரைச் சுவரோடு நிற்கவிட்டாய். அவர்களுக்குக் கோப்பையே இல்லை, வாளி தூக்குவது மட்டும்தான் வேலை.

ஆர் எங்கே இருந்தார்கள் என்பதில்தான் நீ கைவைத்தாய். ஊரில் எங்கள் குடும்பங்களைப் போல வாய்க்காலின் தலைப்பில், தண்ணீர் முதலில் பாய்கிற இடத்தில், காணி உள்ள வீட்டுப் பிள்ளைகளைப் பின்னுக்கு அனுப்பினாய். உன் மாமாவின் மகள் ஆரணியைச் சுவரோடு நிறுத்தினாய். மேட்டுக் குடியிருப்பிலிருந்து வருகிற சுகன்யாவை, எங்கள் வயலில் களை பிடுங்க வருகிற பார்வதியின் மகளை, முன்வரிசையில் இருத்தினாய். தண்ணீர் முடிந்ததும், மற்ற வரிசைக்காரரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாயாம். சுகன்யா எழும்பி, சுவரோடு நின்றவர்களைக் காட்டி, இவைக்கு வேலை செய்ய விருப்பமில்லை, நேரத்துக்கு வாறேல்லை, அதுதான் ஒன்றும் கிடைக்கவில்லை என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லையாம், தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டதுபோலத் திகைத்துப்போய் இருந்தாளாம். ஆரணி அழுதுவிட்டாள். இதையெல்லாம் நீ எனக்குச் சொல்லவில்லை, சொல்ல நான் விடவுமில்லை. ஆரணிதான் பிறகு சொன்னாள்.

உன் பிழை என்று ஒன்று இருக்கிறது. அதை நான் மறைக்கப்போவதில்லை. ஏதோ ஓர் ஊர், ஏதோ ஒரு வாய்க்கால் என்று கீறியிருந்தால் யாரும் மூச்சு விட்டிருக்கமாட்டார்கள். நீ எங்கள் வாய்க்காலின் இலக்கத்தையே நிலத்தில் எழுதினாய். அதுவும் சிறுபோகக் கூட்டம் முடிந்த அடுத்த கிழமையில். சிறுபோகம் எங்களுக்கு எப்படிப்பட்ட காலம் என்று உனக்குத் தெரியும். மழை நின்று, குளத்தில் கிடக்கிற தண்ணீர் எல்லா வயலுக்கும் போதாமல், தலைப்புப் பக்கத்து நிலத்தில் மட்டும் விதைப்பது என்று முடிவெடுத்து, அந்தத் துண்டு நிலத்தைக் காணிக்காரர் எல்லாருக்கும் பங்கு பிரிக்கிற காலம். கூடப்பிறந்தவர்களே அந்த ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கமாட்டார்கள். மேட்டுச் சனத்துக்குக் குளத்தின் கீழ் காணி இல்லை, அதனால் பங்கும் இல்லை. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் கலவரத்தில் அடிபட்டு உயிர் தப்பி வந்து, எங்கள் காடுகளை வெட்டி, எங்கள் வயல்களில் நாற்பது வருடத்துக்கு மேலாக வேலை செய்தும் அவர்களுக்குப் பங்கில்லை என்பதை நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நீ அதைப் பிள்ளைகளைக் கொண்டு சொல்லவைத்தாய். ஆரணி வீட்டுக்குப் போய், ஏனப்பா அவைக்குப் பங்கில்லை என்று கேட்டாள். ஊர் வயற்காரரின் கமக்காரர் அமைப்புக்குத் தலைவர் உன் மாமா; அவர் வீட்டுக் குசினியில் அந்தக் கேள்வி விழுந்தால் உன்மேல் முறைப்பாடு எழுதிப் பெட்டிசம் போகும் என்று நீ கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

உன் மாமா தேவனைப் பற்றி நீ என்னிடம் சொன்ன வார்த்தைகளை நான் திருப்பி எழுதவில்லை, அம்மாவும் இதைப் படிப்பாள். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஓர் ஆள் இருக்கிற இடம்தான் அவர் வாயில் வருகிற கதையைத் தீர்மானிக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டியவள் நீ. அது சுகன்யாவுக்குப் பொருந்தும், மாமாவுக்குப் பொருந்தாதா? முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியேறிய அன்று நான் காலில் காயத்தோடு அம்மாவின் தோளைப் பிடித்து நடந்தேன். உன்னைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் வந்தவர் அவர்தான். முகாமில் தண்ணீர் கொண்டுவருகிற பவுசர் லொறி வரும்போது யாரை எப்படிப் பிடிப்பாரோ, எங்கள் பக்கத்துக் கூடாரங்களுக்குத்தான் முதலில் கிடைக்கும். கெட்டிக்காரன் என்று மெச்சினோம். பின்பக்கத்துக் கூடாரங்களில் வெறும் வாளியோடு நின்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று நாங்கள் யாரும் போய்க் கேட்கவில்லை. அன்று எங்களுக்காகச் செய்ததைத்தான் அவர் இன்றைக்கும் செய்கிறார். அவரை வெறுக்க எனக்கு வரவில்லை. உனக்கும் வரக்கூடாது.

அந்த முகாமில் நீயும் மற்றக் குஞ்சு குருமான்களும் ஒரு விளையாட்டு விளையாடுவீர்கள், ஞாபகம் இருக்குமோ தெரியாது. வெறும் பால்மாத் தகரப் பேணிகளை வைத்துக்கொண்டு பவுசர் விளையாட்டு. நீ எப்போதும் பவுசர்க்காரிதான். பெரிய ஆட்களைப் பிடித்திழுத்து வரிசையின் கடைசியில் நிறுத்திவிட்டு, தண்ணி முடிஞ்சுது, நாளைக்கு வாங்கோ என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொல்வாய். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அந்த நாட்களில் எங்களுக்குச் சிரிப்பு வந்தது அந்த ஒன்றுக்குத்தான். நீ பத்தாம் ஆண்டில் செய்ததும் அதே விளையாட்டுத்தான் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது இழப்பதற்கு எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை, சிரித்தோம். இப்போது காணி இருக்கிறது, பங்கு இருக்கிறது, பெட்டிசம் எழுதுகிறோம்.

இனி நான் எழுதத் தயங்கிய விஷயத்துக்கு வருகிறேன். நான் உன்னை அதட்டியதற்கு முதல் நாள், பொதுநோக்கு மண்டபத்தில் கமக்காரர் கூட்டம் நடந்தது. களை பிடுங்கும் காலம். இந்தப் போகம் மேட்டுச் சனத்தை ஒருவரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை, வெளியிலிருந்து ஆள் பிடிப்போம், மிச்சத்துக்கு மருந்தடிப்போம் என்று ஒரு கதை வந்தது. பள்ளிக்கூடத்தில் சுகன்யாவைத் தூண்டிவிட்டதே அவர்கள்தான், பங்கு கேட்கப் போகிறார்கள் என்று யாரோ சொல்ல, மண்டபம் பற்றிக்கொண்டது. சுகன்யா முன்வரிசையில் இருந்தது நீ இருத்தியதால் என்று எனக்குத் தெரியும். எழும்பி அதைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான், செயலாளர் கதிரையில் இருந்ததும் நான்தான். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என் மகள் மூட்டிய நெருப்பு என்று அந்த முகங்களில் எழுதியிருந்தது. எனக்குப் பயம் பிடித்தது. அந்தப் பயத்தில், உன்னை அவர்கள் பேச்சிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு, வாயைத் திறந்தேன்.

"ஓம், மேட்டுச் சனமும் இப்ப முந்தின மாதிரி இல்லை. வேலையில விருப்பமில்லை, நேரத்துக்கு வாறேல்லை" என்றேன்.

ஆரணி தாயோடு தேநீர் கொண்டுவந்து ஆட்களுக்குக் கொடுத்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கோப்பையை நீட்டக் குனிந்தபோது, பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னாள்.

"மாமா, சுகன்யாவும் என்னைப் பாத்து இதைத்தான் சொன்னவள்."

அவ்வளவுதான். அடுத்த ஆளுக்குத் தேநீர் கொடுக்கப் போய்விட்டாள். கை உயர்த்தச் சொன்னார்கள். நான் உயர்த்தினேன். அடுத்த நாள் உன் முன்னால் கதிரையை உதைத்து, உன்னால்தான் மேட்டுச் சனத்தின் வயிற்றில் அடி விழுந்தது, அவர்களுக்காகவாவது மன்னிப்புக் கேள் என்று கத்தினேனே, அந்த அடியில் என் கையும் இருந்ததை உனக்குச் சொல்லவில்லை. நீ அதைக் கேட்டு முகம் வெளிறிப்போய் இருந்தாய். உன்மேல் முழுப் பாரத்தையும் ஏற்றிவிட்டு நான் கை கழுவப் போனேன். அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது. இந்த வயதில் மகளுக்கு இப்படி எழுதவேண்டி வந்ததே என்று இன்னும் வெட்கமாக இருக்கிறது.

நீ போன பிறகு இரண்டொரு நாள் ஆரணியின் பேச்சு என்னை நிம்மதியாகச் சாப்பிட விடவில்லை. பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு மேட்டுக் குடியிருப்புக்குப் போனேன். மகள் மன்னிப்புக் கேட்டுவிடுவாள், எல்லாம் பழையபடி சரிவரும் என்று பார்வதிக்குச் சொல்லலாம் என்றுதான் போனேன். அவள் என்னைத் திண்ணையில் இருக்கச் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் அது முதல் தடவை. நான் சொன்னதை முழுதாகக் கேட்டாள். அவளுடைய தமிழில் இன்னும் தாய் தகப்பனின் மலைநாட்டுச் சாயல் இருக்கிறது.

"ஒங்க சண்டையில எங்க சோத்த இழுத்துட்டீங்க ஐயா. டீச்சரும் எங்கள ஒரு வார்த்த கேக்கல, நீங்களும் கேக்கல. மன்னிப்புக் கேட்டா வேல வரும்தான். ஆனா நாளைக்கு எம் புள்ள பங்கப் பத்தி வாயத் தொறந்தா, ஒங்க டீச்சரே தப்புன்னு ஒத்துக்கிட்டாங்கன்னு சொல்லுவாங்க. அதையும் யோசிச்சுக்குங்க."

வேலையில்லாத அந்த நாட்களில் என்ன சாப்பிட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. சுகன்யா பள்ளிக்கூடம் போகிறாளா என்று மட்டும் கேட்டேன். போகிறாள், ஆனால் ஒருவரோடும் கதைப்பதில்லை என்றாள். வகுப்பில் தான் சொன்ன அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு, அம்மா, நானும் அந்தக் காணிக்காரங்களப் போலத்தானா என்று கேட்டு அழுகிறாளாம்.

இதை நீ கேட்கவேண்டும், பிள்ளை. உன்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. உனக்கு இன்னும் முப்பது வருடப் படிப்பிப்பு இருக்கிறது, அதற்காகச் சொல்கிறேன். உயிருள்ள ஆட்களின் வாழ்க்கையை எடுத்து வகுப்பில் விளையாட்டாக வைக்கும்போது, முதலில் அந்த வாழ்க்கைக்குச் சொந்தக்காரரிடம் போய்ச் சொல்லு. பார்வதியின் வீட்டுக்கு ஒருதரம் போயிருந்தால், எந்த மாதம் அவர்களுக்கு ஆபத்தான மாதம் என்று அவளே சொல்லியிருப்பாள். மணி அடித்ததும் வாளியைத் தூக்கி வைத்துவிட்டு வெளியே வந்துவிடாதே. ஒரு பிள்ளையின் வாயிலிருந்து அவளே எதிர்பார்க்காத சொல்லை வெளியே எடுத்தால், அவளோடு இருந்து, அந்தச் சொல் அவளுடையது இல்லை, அந்த இருக்கையினுடையது என்று விளங்கப்படுத்தவேண்டும். நீ அதற்கு நேரம் வைத்திருக்கவில்லை. ஆரணியின் கண்ணீரைக் கண்டு பதறி அவளிடம் போய்விட்டாயாம், சுகன்யாவைப் பார்க்கவில்லையாம். அவளுக்கு நீ ஒரு பாடம் கடன்பட்டிருக்கிறாய். ஆனால் இந்தப் பிழைகளுக்கெல்லாம் மருந்து பாடத்தை முழுதாக நடத்துவது. பாடமே பொய் என்று பணிமனையில் போய்ச் சொல்வது மருந்தாகாது. இதைப் புரிந்துகொள்ள எனக்குத்தான் நாள் எடுத்தது.

மேட்டிலிருந்து நேரே உன் மாமா வீட்டுக்குப் போனேன். செயலாளர் பதவி எனக்கு வேண்டாம், என் வயலில் களை பிடுங்கப் பார்வதி ஆட்களைக் கூப்பிடப் போகிறேன், கூட்டத்தில் நான் சொன்னது பொய், விசாரணைக்கு மகளோடு நானும் போவேன் என்று சொன்னேன். நின்றபடியே சொன்னேன், இருந்தால் சொல்லமாட்டேன் என்று பயம். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வெற்றிலைத் தட்டை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார்.

"நல்லது அத்தான். உங்கட முடிவு. ஆனா வாய்க்காலில இருக்கிறது நீங்கள் ஒராள் இல்லை, அதையும் மறந்திடாதேங்கோ."

அதற்குப் பிறகு எங்களுடைய தண்ணீர் முறை இரண்டு தரம் வந்து போய்விட்டது. இரண்டு தரமும் தண்ணீர் வரவில்லை. கேட்டால், குளத்தில் மட்டம் இறங்கிவிட்டது, அடுத்த முறை பார்ப்போம் என்கிறார்கள். பக்கத்து வயல்களில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. பார்வதியும் அவளுடைய ஆட்களும் வந்து களை பிடுங்கிவிட்டுப் போனார்கள். அவர்கள் பிடுங்கும்போதே நிலம் இறுகத் தொடங்கிவிட்டது. இப்போது வெடிப்புக்குள் என் விரல் போகிறது. நெல் குடலைப் பருவத்தில் நிற்கிறது. கதிர் தள்ளுகிற நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் வருவது பதர்தான், அதை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்றைக்குக் காலையில் தண்ணீர் வழங்குகிற பெடியன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து, விசாரணையில் எல்லாம் நல்லபடி முடிந்தால் அன்று பின்னேரமே துருசுக் கதவைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விடலாமாம் என்று சொல்லிவிட்டுப் போனான். ஆர் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

அம்மா எனக்கும் தன் தம்பி தேவனுக்கும் நடுவில் கிடந்து நசிகிறாள். சமைக்கிறாள், பரிமாறுகிறாள், கதைப்பது குறைவு. இந்தக் கடிதத்தை எழுதுகிறேன் என்றதும், வயலைப் பற்றிப் பிள்ளைக்கு எழுதாதேங்கோ, அவள் தாங்கமாட்டாள், உடனே போய் மன்னிப்புக் கேட்டுவிடுவாள் என்று சொன்னாள். நானும் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் உனக்கு இது எப்படியும் வந்து சேரும். விசாரணைக்கு உள்ளே போவதற்கு முன் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து, அப்பாவின் பயிர் காயுது தங்கச்சி என்று காதில் போடுவார்கள். அதற்காகவே தண்ணீரை மறித்திருக்கிறார்கள். அந்தச் செய்தி முதலில் என் கையால் உனக்கு வரட்டும் என்றுதான் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து பணிமனை வாசலில் நிற்பேன். எனக்குப் பயமாக இருக்கிறது, பிள்ளை. பச்சையாக நிற்கிற நெல்லைக் கண்ணுக்கு முன்னால் விடுவது லேசில்லை, காலையில் வரம்பில் நின்று அழுதும் விட்டேன். என்றாலும் நீ மன்னிப்புக் கேட்காதே.

அப்பா